எக்ஸோமால் தரவு: ஒரு வருடம் பயன்படுத்திய அனுபவம்

பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். போன வருடம் எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி, "சூடான கோள்களோட காத்துல மீத்தேன் இருந்தா நிறமாலை எப்படி வரும்னு புராஜெக்ட் பண்ணலாமுங்களா சார்?" என்று வந்து நின்றாள். சூடான மூலக்கூறுகள் எந்தெந்த அலைநீளத்தில் ஒளியை விழுங்கும் என்று கணக்கிட்டு வைத்திருக்கும் எக்ஸோமால் என்ற தரவுத்தொகுப்புக்குள் நான் இறங்கியது அப்படித்தான்.

முதலில் அவளுக்கு நான் எடுத்துக் கொடுத்தது ஹைட்ரான் (HITRAN) என்ற வேறொரு தொகுப்பின் தரவு. பூமியின் காற்றை ஆராய அருமையான தரவு அது. ஆனால் அதில் கோடுகளின் (மூலக்கூறு ஒளியை விழுங்கும் இடங்களின்) வலிமை 296 கெல்வினுக்கு, அதாவது 23 டிகிரி செல்சியசுக்குத் தரப்பட்டிருக்கும். அதை வைத்தே 1000 கெல்வினுக்குக் கணக்குப் போட்டோம். கோடுகள் கூட்டமாய் நிற்கும் பட்டைகளுக்கு நடுவே கண்ணாடி போலத் தெளிவான இடைவெளிகள் வந்தன. படம் அழகு, முடிவு தப்பு.

அவள் அப்பா திருப்பூரில் டையிங் மாஸ்டர். "60 டிகிரி ரெசிபிய 80 டிகிரில ஓட்டுனா ஷேடு தப்பிருமுங்க சார், அதே கதைதானுங்க" என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாய் கண்ணு என்றேன். அறைச் சூட்டில் மூலக்கூறுகள் பெரும்பாலும் அடிமட்ட ஆற்றல் நிலைகளிலேயே கிடக்கும். 1000 கெல்வினில் மேல் நிலைகளுக்கும் ஏறிவிடும். அங்கிருந்து அவை ஒளியை விழுங்கும்போது புதுக் கோடுகள் கோடி கோடியாய் முளைக்கும். ஒவ்வொன்றும் மெலிசுதான், எல்லாம் சேர்ந்தால் அந்த இடைவெளியையே அடைத்துவிடும். இத்தனையையும் ஆய்வகத்தில் அளந்து முடிக்க முடியாது. குவாண்டம் கணக்கில்தான் எடுக்க வேண்டும். எக்ஸோமால் என்ற பெயரில் அந்த வேலையை 2011 முதல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஜோனதன் டென்னிசனும் செர்கெய் யுர்ச்சென்கோவும் குழுவோடு செய்துவருகிறார்கள். 2014இல் வந்த அவர்களுடைய மீத்தேன் பட்டியலில் மட்டும் சுமார் 980 கோடி கோடுகள். 1500 கெல்வின் வரை செல்லும். இவ்வளவும் இலவசம்!

எனக்கு ரொம்பப் பிடித்தது கோப்புகளின் அமைப்பு. ஒரு கோப்பில் ஆற்றல் நிலைகள், வரிசை எண்ணோடு. இன்னொன்றில் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு, எந்த ஐன்ஸ்டைன் கெழுவோடு (அந்தத் தாவல் எவ்வளவு வேகமாக நடக்கும் என்ற எண்) என்பது. வெப்பநிலை எதிலும் பூட்டப்படவில்லை. 500 கெல்வின் என்றாலும் 1200 என்றாலும் வலிமையை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மீத்தேன் கோப்புகள் 100 அலையெண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) துண்டுகளாகக் கிடைக்கின்றன. மீத்தேன் ஒளியை நன்றாக விழுங்கும் 3.3 மைக்ரான் அலைநீளத்தைச் சுற்றியவற்றை மட்டும் எடுத்தோம், அதற்கே எங்கள் லேப் கணினி ராத்திரி முழுக்க ஓடியது. புதிதாய் வருகிறவர்கள் அங்கே தொடங்க வேண்டாம். 2021இல் வந்த எக்ஸோமால்-ஓபி அட்டவணைகளை எடுங்கள். எண்பதுக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளுக்கு ஒளிபுகாமையை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியைத் தடுக்கும் என்பதை, கணக்கிட்டே வைத்திருக்கிறார்கள். டாரெக்ஸ், பெட்டிட்ராட்ரான்ஸ் போன்ற, கோள்களின் காற்றை ஆராயும் மென்பொருள்களில் நேராக ஏறும்.

ஒன்றை மட்டும் பார்த்து எடுங்கள். மிகு நுணுக்க நிறமாலைக்கு எண்ணிக்கை போதாது, கோடு தன் இடத்தில் துல்லியமாக உட்கார வேண்டும். சூடான கோள்களில் டைட்டானியம் ஆக்சைடைத் தேடியவர்கள் பழைய பட்டியல்களோடு பட்ட பாடு அதுதான். 2019இல் வந்த எக்ஸோமாலின் டோட்டோ பட்டியலில் அளந்தெடுத்த ஆற்றல் நிலைகளைச் சேர்த்துத் திருத்தியிருக்கிறார்கள்.

வாஸ்ப்-80பி கோளில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி மீத்தேனைக் கண்ட செய்தி 2023இல் வந்தது. அங்கே சூடு சுமார் 825 கெல்வின். எங்கள் திருத்திய படத்தை அதன் பக்கத்தில் வைத்தோம். 3.3 மைக்ரானில் இரண்டிலும் மீத்தேன் தடம் ஒரே இடத்தில் நின்றது. அவள் உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். இந்த வருடம் வந்திருக்கும் பையனுக்கு வாஸ்ப்-39பி கோளின் சல்பர் டை ஆக்சைடைக் கொடுத்திருக்கிறேன்.