முதுகுப்பையோடு எஸ்டோனியா: பழைய நகரங்களும் சேற்றுக் குளியலும்

எஸ்டோனியாவுக்கு வரும் பயணிகளில் பலர் தலைநகர் தாலினின் பழைய நகரத்தை ஒரு பகல் சுற்றிவிட்டு, மாலையில் ஹெல்சிங்கி கப்பலில் ஏறிவிடுகிறார்கள். தார்த்துவில் படித்த காலத்தில் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு இந்த நாட்டைச் சுற்றியிருக்கிறேன். எல்லாப் பருவங்களிலும் பார்த்த பிறகு என் கணிப்பு இதுதான்: தாலின் அழகான ஊர், ஆனால் எஸ்டோனியாவின் உண்மையான சுகம் மேற்குக் கடற்கரையின் குளியல் ஊர்களில் இருக்கிறது. ஹாப்சலு, பேர்னு, சாரேமா தீவின் குரெசாரே ஆகிய மூன்றுக்கும் நாட்களை ஒதுக்காமல் இந்தப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

தாலினைக் குறைத்துச் சொல்லவில்லை. 1997-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்தப் பழைய நகரத்தில் கோட்டை மதிலும் கோபுரங்களும் பெரும்பகுதி அப்படியே நிற்கின்றன. நகர மன்றச் சதுக்கத்தின் மூலையில் உள்ள மருந்துக் கடை 1422-ஆம் ஆண்டின் ஆவணங்களிலேயே இடம்பெற்றது. இன்றும் அங்கே மருந்து வாங்கலாம். கோடையில் உல்லாசக் கப்பல்கள் வந்து நின்றால் சந்துகளில் நடக்க இடம் இருக்காது. காலை ஒன்பது மணிக்குள் சுற்றி முடித்துவிடுவது நல்லது. தங்குவதற்கு மதிலுக்கு உள்ளே அறை எடுக்காதீர்கள். வார இறுதியில் குடித்துவிட்டுப் பாடும் கூட்டம் விடியும்வரை உறங்க விடாது. ரயில் நிலையத்துக்குப் பின்னால், மரவீடுகள் நிறைந்த கலமாயா பகுதி அமைதியானது, பத்து நிமிட நடையில் மதிலுக்கு வந்துவிடலாம். நிலையத்தை ஒட்டிய சந்தையில் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொள்ளலாம்.

சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், முதுகுப்பைதான் சரி. ஏன் என்பது பழைய நகரத் தெருக்களில் கால் வைத்ததும் புரியும். எல்லாம் உருண்டைக் கல் பாவியவை. மழையில் வழுக்கும், பனியில் இன்னும் மோசம். நாற்பது லிட்டர் பை போதும். நீச்சல் உடை, ரப்பர் செருப்பு, சீக்கிரம் காயும் துண்டு, ஒரு சிறிய பூட்டு ஆகியவற்றை மறக்காதீர்கள். அக்டோபருக்குப் பிறகு போவதென்றால் ஒளி பிரதிபலிக்கும் சிறு வில்லை ஒன்றைப் பையில் தொங்கவிடுங்கள். இருட்டில் சாலையோரம் நடப்பவர்கள் அதை அணிய வேண்டும் என்பது அங்கே சட்டம். டிசம்பரில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்தான் என்பதால் அந்தச் சட்டத்தின் அருமை முதல் நாளே தெரிந்துவிடும்.

தார்த்து வேறு மாதிரியான பழைய நகரம். 1775-இல் பெரும் தீ நகர மையத்தை அழித்ததால், இப்போது நிற்பவை பெரும்பாலும் அதன் பின் எழுந்த கட்டடங்கள். இடைக்காலச் சந்துகளைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் இருக்கலாம். எனக்கோ 1632-இல் தொடங்கிய பல்கலைக்கழகமும், குன்றின் மேல் கூரையின்றி நிற்கும் பேராலய இடிபாடும், மாணவர்கள் படுத்துக் கிடக்கும் எமாயோகி ஆற்றங்கரையும் சலிக்கவேயில்லை. தாலினிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரப் பயணம்.

இனி ஹாப்சலு. தாலினிலிருந்து நூறு கிலோமீட்டர். ஒரு ராணுவ மருத்துவரான கார்ல் ஆபிரகாம் ஹுன்னியுஸ், உள்ளூர் மக்கள் மூட்டு வலிக்குக் கடற்சேறு பூசிக்கொள்வதைக் கவனித்து, 1825-இல் இங்கே சேற்றுச் சிகிச்சை நிலையம் தொடங்கினார். அதன்பின் ரஷ்யப் பிரபுக்கள் வரத் தொடங்கினார்கள். இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி 1867 கோடையை இங்கே கழித்தார். கடலோர நடைபாதையில் அவர் பெயரில் ஒரு கல் பெஞ்சு இருக்கிறது. ஜார் மன்னர் குடும்பம் நனையாமல் இறங்குவதற்காக 1907-இல் கட்டிய ரயில் நிலையத்தின் கூரையிட்ட நடைமேடை 216 மீட்டர் நீளம். மரச்செதுக்கு வேலைப்பாடுகளோடு இன்னும் நிற்கிறது. ஆனால் 1995-க்குப் பிறகு அங்கே பயணி ரயில் வரவில்லை, நிலையம் அருங்காட்சியகமாகிவிட்டது. போவதற்கு பஸ்தான். மனிதர்கள் குறைவான ஊர், மெதுவாக நடக்கும் ஊர். ஆயர் கோட்டையிலிருந்து கடற்கரை வரை உள்ள மரவீட்டுத் தெருக்களைப் பார்க்கவே நான் மீண்டும் மீண்டும் போனேன்.

சேற்றுச் சிகிச்சை என்றதும் ஆடம்பர அழகு நிலையத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். பழைய சிகிச்சை நிலையங்கள் மருத்துவமனை போலவே இருக்கும்: நீண்ட தாழ்வாரம், வெள்ளை உடைப் பணியாளர், நேரம் எழுதிய சீட்டு. சூடாக்கிய கருஞ்சேற்றைப் படுக்கையில் பரப்பி, அதன் மேல் படுக்க வைத்துப் போர்த்திவிடுவார்கள். கந்தக வாடை முதலில் மூக்கைத் துளைக்கும், பிறகு பழகிவிடும். கால்மணி நேரம் கழித்துக் குளித்துவிட்டு ஓய்வறையில் படுத்தால் உடம்பில் ஒரு கனத்த இளைப்பாறல் பரவும். நீண்ட நடைகளுக்குப் பின் என் முழங்கால் வலிக்கு அது இரண்டு மூன்று நாள் நல்ல இதம் தந்தது. நிரந்தரக் குணம் தந்தது என்று சொல்ல மாட்டேன். இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

சவுனா என்னும் சூடேற்றிய வியர்வைக் குளியலறையைப் பற்றி நம்மவர்களுக்கு இருக்கும் கூச்சம் எனக்கும் இருந்தது. ஸ்பாக்களின் பொதுக் குளப்பகுதியில் ஆணும் பெண்ணும் நீச்சல் உடையோடு இருப்பார்கள். ஆனால் அதற்கு முன் ஆண்கள், பெண்கள் தனித்தனியாக உள்ள குளியலறையில் உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். ஊர்ப் பொதுச் சவுனாக்களில் ஆடையே கிடையாது, அங்கும் இரு பாலருக்கும் தனி அறைகள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பது புரிந்ததும் கூச்சம் போய்விடுகிறது. தென்கிழக்கே வோரு வட்டாரத்தின், புகைபோக்கி இல்லாத புகைச் சவுனா மரபை 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். அதன் மென்மையான சூடு மின்சார அடுப்புச் சவுனாவில் கிடைக்காது.

பேர்னு கோடைக்கான ஊர். 1838-இல் முதல் குளியல் நிலையம் திறந்த இடம் அது. 1927-இல் கட்டிய நெடுந்தூண் சேற்றுக் குளியல் மாளிகை இப்போது ஹோட்டலாகிவிட்டது. கடல் வெகுதூரம் வரை இடுப்பளவே ஆழம் என்பதால் குழந்தைகளோடு வருகிறவர்களுக்குப் பொருத்தம். ஜூலையில் அறை விலை தாறுமாறாக ஏறும். நான் செப்டம்பரைத்தான் பரிந்துரைப்பேன்.

குரெசாரேக்குப் போகும் பஸ், வீர்ட்சு துறையில் அப்படியே படகுக்குள் ஏறிவிடும், அரை மணிக்குள் அக்கரை. குரெசாரேயில் அகழி சூழ்ந்த சதுரக் கோட்டை, சேதமின்றி நிற்கும் இடைக்காலக் கட்டடம். 1840-இலிருந்தே சேற்றுக் குளியல் நடக்கும் ஊர். பகலில் கோட்டை, மாலையில் வெந்நீர்க் குளம் என்ற வரிசையை நான் அங்கேதான் பழகிக்கொண்டேன். வார நாட்களில் ஸ்பா நுழைவுச் சீட்டு மலிவாக இருக்கும், கூட்டமும் இருக்காது. வெள்ளி மாலை ஆனால் தாலின் குடும்பங்கள் வந்து நிரம்பிவிடுவார்கள்.

குறைகளும் உண்டு. சிறு ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பஸ் மிகக் குறைவு, மாலை ஆறேழு மணிக்கே உணவகங்கள் அடுப்பை அணைத்துவிடுகின்றன. ஒரு விடுதியில் ஆளே இல்லாமல், கதவு எண்ணை மட்டும் கைபேசிக்கு அனுப்பினார்கள். அந்த எண் வேலை செய்யவில்லை, நவம்பர் மழையில் நெடுநேரம் நின்றேன். அதன் பிறகு வரவேற்பறையில் ஆள் இருக்கும் இடங்களையே தேர்ந்தெடுத்தேன். சைவ உணவுக்காரர்கள் எதையும் கேட்டு உறுதி செய்யுங்கள்: பட்டாணி சூப்பில்கூடப் புகையூட்டிய பன்றி இறைச்சி இருக்கும். ரை தானியக் கருப்பு ரொட்டி, வெண்ணெய், தயிர், கோடையில் காட்டுப் பழங்கள் இவற்றால் நான் நன்றாகவே சமாளித்தேன். வார நாட்களின் மதியச் சலுகைச் சாப்பாடு எல்லா ஊரிலும் உண்டு, பணம் மிச்சம்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், செலவு யூரோவில். ரொக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. தாலினின் நகர பஸ் இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது 2013 முதல் அங்கே வசிப்பவர்களாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே. பயணிகள் வங்கி அட்டையைக் கருவியில் தொட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும்.

ஜூன் 23, 24 இரண்டும் அங்கே பொது விடுமுறை. பஸ்கள் குறையும், கடைகள் அடைபடும், நகரங்கள் காலியாகிவிடும். அந்த நாட்களில் ஊர் விட்டு ஊர் போகத் திட்டமிடாமல், ஏதாவது ஒரு கடலோரக் கிராமத்தில் தங்கிவிடுங்கள். இரவு முழுவதும் நெருப்பு மூட்டிப் பாடிக்கொண்டிருப்பார்கள். கூப்பிட்டால் தயங்காமல் போய் உட்காருங்கள்.