இறக்கைக்குள் ஒயர்: குழாயா, கிராமெட்டா?

மேல்தகட்டை ரிவெட் அடித்து மூடிவிட்டால் அப்புறம் இறக்கைக்குள் கை போகாது. சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் ஒயருக்கு வழி விடுவதை அதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். சோமனூர்ப் பக்கம் ஒரு பழைய தறிக்குடோனில் இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம் கட்டும் நண்பருக்கும் எனக்கும் இதில் வழக்கு ஓய்ந்தபாடில்லை. அவர் கிராமெட் கட்சி, நான் குழாய்க் கட்சி.

கிராமெட் என்றால் இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் தகடான ரிப் ஒவ்வொன்றிலும் சின்ன ஓட்டை போட்டு, நைலான் வளையம் மாட்டி, ஒயர்க் கட்டை அதன் வழியே கொண்டுபோவது. எடை ஏறாது, செலவும் சொற்பம். வளையம் கழன்றால்தான் ஆபத்து: மெல்லிய தகட்டின் விளிம்பு, அதிர்வில் ஒயரின் உறையை மெல்ல மெல்ல அறுத்துவிடும். மூடிய இறக்கைக்குள் அது நடப்பது யாருக்கும் தெரியாது.

குழாய் என்றால் ஒயரை உள்ளே விடும் நெளிநெளியான பிளாஸ்டிக் குழாய். அதற்கு ரிப்பில் முக்கால் அங்குல அளவுக்கு ஓட்டை வேண்டும். பாகங்களாக வாங்கும் கிட்டோடு வரும் வரைபடம் காட்டும் இடத்தில்தான் துளைக்கலாம். இறக்கையின் பாரம் தாங்கும் நீள உத்திரமான ஸ்பாரில் நம் இஷ்டத்துக்குக் கை வைக்கவே கூடாது. குழாயின் நெளிவே ரிப்பில் கவ்விக்கொள்ளும். ஆடினால் ஒரு சொட்டு சிலிக்கான் போதும், ஆனால் புளித்த வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம். அது அலுமினியத்தை அரிக்கும்.

“எடை கூடுமுங்க” என்பார் நண்பர். கூடும்தான். ஆனால் இன்று லைட்டுக்கு மட்டும் ஒயர் போதும் என்பவர், நாளைக்கு வேகம் அளக்கும் பிட்டோ குழாயில் பனி உறையாமல் சூடாக்கும் ஹீட்டர் வேண்டும் என்பார், அப்புறம் இறக்கை நுனியில் ஆன்டெனா. கிராமெட்டில் அந்தப் புது ஒயரை ரிப் ரிப்பாகக் கோக்க வேண்டும். குழாயில் ஒரு முனையில் பஞ்சுத் துணுக்கில் கோன் நூலைக் கட்டி வைத்து, மறுமுனையில் வேக்குவம் கிளீனரைப் பிடித்தால் நூல் ஓடி வந்துவிடும். நூலில் கயிறு, கயிற்றில் ஒயர். சோமனூரில் நூலுக்குப் பஞ்சமா? ஒரு கயிற்றை நிரந்தரமாக உள்ளேயே விட்டுவைப்பது இன்னும் நல்லது.

ஒயரில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. வீட்டுக்கு இழுக்கும் சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரி செல்சியஸ் தாங்கும். எரிந்தால் அமிலப் புகை. டெஃப்செல் என்ற பிளாஸ்டிக் உறை போட்ட விமான ஒயர் 150 டிகிரி தாங்கும், உறையும் மெல்லியது என்பதால் அதே குழாயில் கூடுதலாக நுழையும். கோவை டவுன்ஹால் கடைகளில் கிடைப்பதை வைத்து ஒப்பேற்றலாம் என்ற யோசனையை இருவருமே கைவிட்டோம்.

எர்த் விஷயத்தில் அவர் சொல்வதில் பாதி சரி. அலுமினிய இறக்கையில் நெகட்டிவ்வை அங்கேயே தகட்டில் போட்டால் ஒரு ஒயர் மிச்சம் என்பார். லைட்டுக்கு அது போதும். ஆனால் இறக்கையில் திசைகாட்டி சென்சார் வைப்பதாக இருந்தால், தகட்டில் ஓடும் மின்சாரத்தின் காந்தப்புலம் அதைக் குழப்பும். பாசிட்டிவ்வையும் நெகட்டிவ்வையும் முறுக்கி ஜோடியாக இழுத்தால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று ரத்தாக்கிவிடும். ஃபைபர் இறக்கை என்றால் இந்தப் பேச்சே இல்லை, தனி ஒயர்தான்.

கடைசியாக இறக்கை உடலோடு சேரும் இடம். ஒயரை நேராக உள்ளே கொண்டுபோய் இணைப்பதா, அங்கே ஒரு கனெக்டர் வைப்பதா? இணைப்பு எத்தனை குறைகிறதோ அத்தனை நல்லது என்பது பொதுவான பேச்சு. ஆனால் குடோனில் கட்டுகிற இறக்கை லாரி ஏறித்தான் ஓடுதளத்துக்குப் போக வேண்டும். அங்கே மாட்டி, கழற்றி, மறுபடி மாட்ட வேண்டிவரும். அதனால் பூட்டுள்ள கனெக்டரே என் தேர்வு. கூடவே கை நுழைந்து வேலை செய்யும் அளவுக்கு ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும், விமானத்தைச் சாய்க்கும் ஐலரான் மடலை அசைக்கும் தண்டு பக்கம் போகாதபடி கிளாம்ப் போட்டு. இதை மட்டும் நண்பர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.