தீப்பெட்டிக்குள் ஒரு ஜெட்: கோத்தகிரியில் பழைய மொபெட்டும் நானும்

மேட்டுப்பாளையத்தில் ஓர் உரக்கடையின் பின்புறம், கோழிகள் அடையும் இடமாகக் கிடந்தது அந்த மொபெட். 2008ஆம் ஆண்டு வண்டி, 70 சிசி, டூ ஸ்ட்ரோக். 1980இல் ஓசூரிலிருந்து கிளம்பிய டி.வி.எஸ். 50இன் வம்சம். 9,000 ரூபாய் கொடுத்தேன். பதிவாகி 15 ஆண்டு முடிந்திருந்ததால் ஆர்.சி.யைப் புதுப்பித்துப் பெயர் மாற்றவே இரண்டு மாதம் ஓடிவிட்டது. வாங்குகிறவர்கள் இன்ஜினுக்கு முன் ஆர்.சி.யைப் பாருங்கள்.

பிரேக் ஷூ, கிளட்ச், கேபிள்கள், செயின் எல்லாம் புதிது போட்டேன். டேங்க்கில் துரு. ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுப் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கியதில் காபி டிகாஷன் மாதிரி வந்தது. சைலன்ஸரின் உள்குழாயில் ஈர்க்குச்சி நுழையாத அளவுக்குக் கரி. விறகடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தட்டினேன். அந்த நாற்றத்துக்கு அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இவ்வளவு செய்தும் கோத்தகிரிக்குப் பக்கத்து அரவேனு மேட்டில் வண்டி இருமியது. பிளக்கைக் கழற்றினால் ஈரக்கரி. ஒரு மெக்கானிக் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்றார். மாற்றியதில் 1,400 ரூபாய் போனதுதான் மிச்சம். தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர்தான் கேட்டார்: "தம்பி, இது கீழே ஓடிய வண்டிதானே? ஜெட்டை மாற்றினாயா?" ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகு. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்து பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே வந்தால் கரிதான் மிஞ்சும். ஓர் அளவு சிறிய மெயின் ஜெட் போட்டதும் பிளக் செங்கல் நிறத்துக்கு வந்தது. வேர்க்கடலைப் பருப்பு அளவுப் பித்தளைத் துண்டு, அவ்வளவுதான்!

இரண்டு ஆண்டில் 11,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. கால் வைக்கும் இடத்தில் 30 கிலோ பூண்டு மூட்டையோடு ஏறுகிறது. வேகத்தை மட்டும் கேட்காதீர்கள். பின்னால் பஸ் வந்தால் நானே ஓரம் கட்டிவிடுவேன். டூ ஸ்ட்ரோக் என்பதால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் கலக்கிறேன்.

ஏற்றத்தைவிட எனக்கு இறக்கம்தான் பயம். கியரைக் குறைத்து இழுத்துப் பிடிக்க வழியில்லை, பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது குஞ்சப்பனை வருவதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி டிரம் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். அனல் அடித்தால் அது ஆறும்வரை டீ. இன்னொன்று, ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டே உருண்டால் பிஸ்டன் வறண்டுவிடும். அவ்வப்போது லேசாகத் திருகிவிட வேண்டும்.

பழைய ஜெட் தீப்பெட்டிக்குள், சீட்டுக்கு அடியில் இருக்கிறது. கீழே இறங்கினால் அதைத்தான் மாட்ட வேண்டும். சின்ன ஜெட்டுக்குச் சமவெளியில் பெட்ரோல் போதாது, இன்ஜின் கொதிக்கும். ஒருமுறை, கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று மாற்றாமலே காரமடைக்கு விரட்டினேன். ஊருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கையில் பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொண்டது. பட்டு வேட்டியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு மண்டபத்தை அடைந்தபோது பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.