உலோகத் திம்பிள்: வருடக்கணக்கில் போட்டுத் தைத்த பிறகு

கையால் குவில்ட் (நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கப் போகிறேன், ஊசியைத் தள்ள விரல் நுனியில் மாட்டும் உறை இருக்கிறதே, அந்தத் திம்பிளை உலோகத்தில் வாங்கவா தோலில் வருவதை வாங்கவா என்று தோழி கேட்டாள். நான் வருடக்கணக்கில் போடுவது உலோகம்தான். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபம்.

மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்றையும் ஊசி துளைக்க வேண்டும். இதற்கென்று வரும் ‘பிட்வீன்’ ஊசி குட்டை. எண் ஏற ஏற இன்னும் சிறிதாகும். 9, 10-இல் தொடங்கலாம், 12-இன் காதில் நூல் கோக்கவே பொறுமை வேண்டும். அந்தக் குட்டி ஊசியை வெறும் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தால் விரல் பொத்துக்கொள்ளும். என் திம்பிளின் உச்சி குழிகுழியாக, சுற்றிலும் சின்ன விளிம்போடு இருக்கும். ஊசியைச் செங்குத்தாக இறக்கி, கீழே வைத்திருக்கும் கைவிரலில் நுனி லேசாக உறுத்தியதும் சாய்த்து, கட்டைவிரலால் முன்னால் துணியை அமுக்கி, மறுபடி நிமிர்த்தி, இப்படி ஆட்டி ஆட்டி மூன்று நான்கு தையலை ஊசியிலேயே ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுப்போமே, அப்போது குழியில் உட்கார்ந்த ஊசி நழுவுவதே இல்லை. தோலில் இந்தப் பிடிப்பு வராது.

இத்தனையும் இருந்து என்ன, கழன்று விழுகிறதே! விரல் எப்போதும் ஒரே அளவிலா இருக்கிறது? குளிரில் சுருங்குகிறது, வெயிலில் உப்புகிறது. காலையில் லொடலொடவென்று ஆடியது மத்தியானம் இறுகி, உள்ளே வியர்த்து, விரல் நுனி வெளுத்துப்போகிறது. உள்பக்கம் துணிப்பட்டை ஒட்டிப் பார்த்தேன், சுருண்டு வந்துவிட்டது. ஊசியில் தையல் ஏறி நிற்கிற நேரம் பார்த்து டங்கென்று விழுந்து கட்டிலுக்கடியில் உருளும். துணியை மாட்டியிருக்கும் வளையத்தை மடியிலிருந்து இறக்கி, எழுந்து தேடி, திரும்ப உட்கார்ந்தால் கையின் தாளம் போயிருக்கும். அடுத்த நாலைந்து தையல் பெரிதாகவே விழும். கைத்தையலுக்கு அழகே ஒரே அளவு, சிறிதாக இருப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். அதையே கெடுக்கிறது என்பதுதான் என் ஆத்திரம்.

அதனால் அவளிடம் தோலையே வாங்கு என்று சொல்லிவிட்டேன். சீக்கிரம் தேயும், ஊசி துளைத்தும் விடும், பரவாயில்லை, விரலோடு விரலாக இருக்கும். கூடவே சொன்னது: வளையத்தில் துணியை முரசுத்தோல் மாதிரி இழுத்துக் கட்டாதே, கொஞ்சம் தொய்வு இருந்தால்தான் ஊசி ஆடும். நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதே, உரசி உரசிப் பிசிறு தட்டும். முடிச்சை வெடுக்கென்று இழுத்துப் பஞ்சுக்குள் புதைத்துவிடு.

நான் மட்டும் இப்போது கையில் இருக்கும் குவில்ட் முடிகிறவரை உலோகத்தைக் கழற்றப் போவதில்லை. பாதியில் மாற்றினால் தையலின் அளவு மாறிவிடும்.