வகுப்பா, ஹேக்கத்தானா, மருந்துக்கடைக் களமா?

பி.பார்ம் என்ற மருந்தியல் இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர்களுக்குத் தொழில்முனைவும் புதுமையாக்கமும் கற்றுத்தர வேண்டும் என்பதில் புதுச்சேரியிலோ கடலூரிலோ யாருக்கும் மறுப்பில்லை. எப்படி என்பதுதான் கேள்வி. வகுப்பறைப் பாடம், ஹேக்கத்தான் எனப்படும், குறுகிய நேரத்தில் அணியாகத் தீர்வு உருவாக்கும் போட்டி, களப்பயிற்சி என மூன்று வழிகள் உள்ளன. என் ஆதரவு மூன்றாவதற்கு.

வகுப்பு மலிவானது, எல்லோரையும் எட்டும். ஆனால் சந்தை மேலாண்மை என்ற விருப்பப் பாடம் கடைசிப் பருவமான எட்டாம் பருவத்தில்தான் வருகிறது. அதற்குள் மாணவர் மனம் வேலைவாய்ப்பு நேர்காணலுக்குப் போய்விடுகிறது. தொழில்முனைவோரின் இலக்கணத்தை மனப்பாடம் செய்யச் சொல்வது வீண். வகுப்பு பயன்படும் இடம் சட்டம். சில்லறை மருந்துக்கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். முகக் களிம்புக்கு ஒரு உரிமம், சித்த மருந்துக்கு வேறு உரிமம். மரபு அறிவுக்கும் வெறும் கலவைக்கும் காப்புரிமை கிடையாது என்று 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. இதை அறியாமல்தான் எத்தனையோ பிள்ளைகள் வேப்பிலை ஜெல்லோடு காப்புரிமைக் கனவு காண்கிறார்கள்.

ஹேக்கத்தானின் உற்சாகம் உண்மையானது. பயந்த மாணவியும் நடுவர் முன் பேசிவிடுகிறாள். பொறியியல் மாணவர்களோடு அணி சேர முடிகிறது. ஆனால் மத்திய அரசு நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானின் மென்பொருள் பிரிவு 36 மணி நேரம்தான். ஒரு மருந்து கெடாமல் இருக்கும் நிலைத்தன்மையைத் துரித முறையில் சோதிக்கவே 40 டிகிரி வெப்பத்தில், 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைக்க வேண்டும். இந்த அவசரத்தில் செயலியைத் தவிர வேறென்ன பிறக்கும்? இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. மேடையில் யோசனையை வெளிப்படையாக விளக்கிவிட்டால் காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடக்கூடும். தனிநபர் இணையவழியில் முதற்கட்ட விண்ணப்பம் தர 1,600 ரூபாய் போதும். போட்டிக்கு முன்பே அதைச் செய்யச் சொல்லாத கல்லூரி தன் மாணவருக்கு அநீதி செய்கிறது.

களப்பயிற்சிக்குப் புதிதாக இடம் தேட வேண்டியதில்லை. பார்மசி கவுன்சிலின் பாடத்திட்டத்திலேயே ஏழாம் பருவத்தில் பிராக்டிஸ் ஸ்கூல் என்ற செய்முறைப் பயிற்சிக்கு 150 மணி நேரம் உண்டு. எந்தத் துறை என்பதைக் கல்லூரிக் குழுவே அறிவிக்கலாம். அந்த நேரத்தைக் கடலூர் மஞ்சக்குப்பத்து மருந்துக்கடையில் செலவிடும் மாணவர் என்ன பார்ப்பார்? நான்கு மாத்திரை கேட்பவருக்கு அட்டையை வெட்டிக் கொடுக்கிறார்கள். காலாவதித் தேதி இருந்த துண்டு கடையிலேயே தங்கிவிடுகிறது. குழந்தைக்கான ஆன்டிபயாட்டிக் பொடியில் குறியீட்டுக் கோடுவரை நீர் ஊற்றத் தெரியாத தாய் வருகிறார். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கக் குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகள் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் ஒரு தொழிலின் விதை. ஏசி அறையில் உட்கார்ந்து இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது.

குறையும் உண்டு. வழிநடத்தும் ஆசிரியர் இல்லையென்றால் மாணவர் பெட்டி அடுக்கிவிட்டு, சென்ற ஆண்டு அறிக்கையை நகலெடுத்துக் கொடுத்துவிடுவார். வாரம் ஒரு முறையாவது கடைக்கே போய், “இன்று எந்த வாடிக்கையாளர் சிரமப்பட்டார்?” என்று கேட்கும் ஆசிரியர் வேண்டும். ஆலைகளைவிடக் கடைகளையும் மருத்துவமனைகளையும் நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், ஆலையில் மாணவர் பெரும்பாலும் பார்வையாளராகவே நிற்கிறார். நோயாளியை அங்கே சந்திப்பதில்லை.

கடைத் தொழிலுக்கே போக நினைப்பவருக்கும் களம்தான் ஏற்றது. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகத்தில் குறைந்த விலையில் மருந்து விற்கும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன, பி.பார்ம் அல்லது டி.பார்ம் (பட்டயப் படிப்பு) படித்த தொழில்முனைவோருக்கு மூன்று லட்சம் ரூபாய் மானியம். கடலூர் மாணவருக்கு இது கையெட்டும் தூரம். தமிழக அரசின் திட்டம் என்பதால், புதுச்சேரியில் கடை வைக்க நினைப்பவர் மத்திய அரசின் மக்கள் மருந்தகத் திட்டத்தைப் பார்க்க வேண்டும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: ஏழாம் பருவத்தில் களம், அதோடு நான்கைந்து சட்ட வகுப்புகள், களத்தில் கண்ட சிக்கலோடு எட்டாம் பருவத்தில் ஹேக்கத்தான். ஃபார்ம்.டி என்ற ஆறாண்டுப் படிப்பு மாணவருக்கு மட்டும் இதை மாற்றுவேன். அவர்கள் ஏற்கெனவே வார்டில் நோயாளிகளோடு பழகுகிறார்கள். ஆறாம் ஆண்டு முழுதும் பயிற்சிதான். அவர்களுக்கு முதலில் தேவை உரிமமும் காப்புரிமையும் பற்றிய வகுப்பு.