பெட்டியில் நான்கு கேம் ஷாஃப்ட், கிருஷ்ணகிரியில் மூன்று வாரம்

பெங்களூரு விமான நிலையத்தில் சுங்கக்காரர் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். துணிகளுக்கு நடுவே, பழைய லுங்கியில் சுற்றி, எண்ணெய் தடவிய நான்கு இரும்புத் தண்டுகள். ஒவ்வொன்றிலும் எட்டு முட்டை வடிவப் புடைப்புகள். "ஏனிது?" (என்ன இது?) என்றார். கார் இன்ஜின் பாகம், பழசு, விற்பதற்கு இல்லை, அளவு பார்க்க எடுத்துப் போகிறேன் என்று எனக்கு வருகிற அரைகுறைக் கன்னடத்தில் சொன்னேன். அளவு பார்க்க ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கேயா என்று சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார். சாக்லேட்டுக்கான ஒன்பது கிலோவை இரும்பு தின்றுவிட்டதில் சித்திக்கு இன்றுவரை வருத்தம்தான்.

கதை மெல்பர்னில் தொடங்குகிறது. என்னிடம் 2004 மாடல் மிட்சுபிஷி எவோ 8 ஒன்று இருக்கிறது. 4ஜி63 இன்ஜின், 85 மி.மீ. போர், 88 மி.மீ. ஸ்ட்ரோக், 1997 சிசி, கம்பெனி கொடுத்த அதே டர்போ. தினமும் வேலைக்கும் அதுதான், வருடத்துக்கு நாலைந்து தடவை சாண்டவுன் டிராக்குக்கும் அதுதான். ஹெட் கேஸ்கெட்டுக்காக இன்ஜினைத் திறந்தபோது, திறந்தது திறந்தோம், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேமையும் பெரிசாக, அதாவது வால்வை அதிக நேரம் திறந்து வைப்பதாக, போட்டுவிடலாம் என்று ஆசை வந்தது. இணையத்தில் ஒரு ஆளிடம் "272" (வால்வு எத்தனை டிகிரிக்குத் திறந்திருக்கும் என்ற எண்) என்று சொல்லி விற்ற ஒரு ஜோடியை வாங்கினேன். புதுசு என்றார். அளவு அட்டை தொலைந்துவிட்டது என்றார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மெல்பர்னில் ஒரு கடையில் அளந்து தரக் கேட்டதற்கு 450 டாலர், மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். கிருஷ்ணகிரியில் இருக்கும் சித்தப்பாவிடம் போனில் புலம்பினேன். "ராயக்கோட்டை ரோட்ல ஒருத்தர் இருக்காருப்பா. ஓசூர்ல கம்பெனியில இருபது வருஷம் கேம் கிரைண்டிங் செக்‌ஷன்ல இருந்தவர். வரும்போது எடுத்துட்டு வா" என்றார். சரி என்று, பழைய ஒரிஜினல் ஜோடியையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

பட்டறை வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண லேத் பட்டறை. லாரி கிராங்க், டிராக்டர் ஹெட், ஓரமாக ஒரு போர்வெல் வண்டியின் பம்ப். மாம்பழ சீசன். மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் பெங்களூரா ரகப் பழம் ஏற்றிப் போகும் டிராக்டர்கள் வெளியே வரிசையில் நிற்க, ஒரு டிரைவர் பட்டறைத் திண்ணையிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். மேஸ்திரி நான்கு ஷாஃப்டையும் கையில் வாங்கி, பிரிக்காமல் எடையை மட்டும் பார்த்தார். பிறகு பிரித்து, கட்டைவிரல் நகத்தை ஒரு லோபின், அந்த முட்டை வடிவப் புடைப்பின், மேல் ஓட்டினார். "இது புதுசுன்னு யார் சொன்னாங்க தம்பி?"

நான் எதிர்பார்த்தது மைக்ரோமீட்டர் வைத்து லோபின் உயரத்தை அளப்பார் என்று. அது ஐந்து நிமிட வேலை. அவர் அதைச் செய்துவிட்டு, "இது லிஃப்ட் மட்டும்தான் சொல்லும், வால்வு எவ்வளவு தொறக்குதுன்னு. எவ்வளவு நேரம் தொறந்திருக்குன்னு சொல்லாது" என்று ஒரு கிரானைட் பலகையைத் துடைத்தார். எங்கள் ஊரில் கிரானைட்டுக்கா பஞ்சம்? ஆனால் இது சமன் பார்த்த அளவுப் பலகை, மேலே துணி போர்த்தி வைத்திருந்தார். இரண்டு வி-பிளாக்கில் ஷாஃப்டைக் கிடத்தி, முனையில் 360 டிகிரி தகடு ஒன்றை மாட்டி, லோபின் மேல் டயல் கேஜை இறக்கினார். இறக்குவதற்கு முன் கேஜின் முனையைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன பேரிங்கை அதில் கோர்த்தார். ஏன் என்று கேட்டேன். "உன் இன்ஜின்ல ராக்கர்ல ரோலர் இருக்குல்ல? ரோலர் லோபைத் தொடுற விதம் வேற, ஊசி தொடுற விதம் வேற. ஊசி வெச்சு அளந்தா கணக்குத் தப்பும்." ரோலரின் விட்டம் என்ன என்று கேட்டு, அதற்குப் பொருத்தமான பேரிங்கை டப்பாவில் தேடியே கால் மணி நேரம் போனது. 450 டாலர் கடையில் இதைச் செய்திருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

லோபின் உச்சியை அவர் பார்த்த விதமும் எனக்குப் புதிது. முள் அதிகமாக நிற்கும் இடத்தை உச்சி என்று நான் நினைத்திருந்தேன். உச்சியில் முள் சில டிகிரிக்கு அசையவே அசையாது, அதில் எது நடு என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் உச்சிக்கு இந்தப் பக்கம் ஒரு உயரம், அந்தப் பக்கம் அதே உயரம், இரண்டு டிகிரியையும் குறித்து அதன் பாதி. எளிய கணக்கு.

பையன் ஒருவன் எண்ணைப் படிக்க, இன்னொருவன் தினக்காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத, முப்பத்திரண்டு லோபுக்கும் மதியம் வரை ஆனது. இடையில் ஒரு மணி நேரம் கரண்ட் போனது. அளப்பதற்குக் கரண்ட் வேண்டாம் என்பதால் வேலை நிற்கவில்லை, வியர்வைதான் நிற்கவில்லை.

கணக்கு இப்படி. கேம் ஒரு சுற்று சுற்றினால், பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று. கேம் எண்களைச் சொல்வது கிராங்க் டிகிரியில், ஆகவே கேமில் படித்த டிகிரியை இரண்டால் பெருக்க வேண்டும். லோப் 1 மி.மீ. எழும்பிய இடத்திலிருந்து, திரும்ப 1 மி.மீ.க்கு இறங்கும் வரை எண்ணினால், ஒரிஜினல் ஜோடியில், காற்றை உள்ளே விடும் இன்டேக் கேமின் எல்லா லோபும் ஒரே எண், ஒன்றிரண்டில் அரை டிகிரி முன்பின். நான் வாங்கிய ஜோடியில் ஒன்றாம் சிலிண்டருக்கு 214, மூன்றாவதுக்கு 220. அதாவது ஒரே இன்ஜினுக்குள் ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனியே மூச்சு விடும். லோபின் புடைக்காத பகுதியான அடிவட்டத்தின் விட்டம் ஒரிஜினலைவிட 1.2 மி.மீ. குறைவு. பழைய கேமை எடுத்து அடியைத் தேய்த்து, உயரம் கூடியது போலக் காட்டியிருக்கிறார்கள். சாணை பிடித்த கேம் எல்லாமே மோசம் என்று இல்லை. அதையே தொழிலாக நேர்மையாகச் செய்கிறவர்கள் உண்டு. மேஸ்திரி சொன்னது, செய்தவன் மிஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய் வந்து தொடர்ந்திருக்கிறான் என்று.

அந்த "272" என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை வைத்து ஒரு கம்பெனி கேமையும் இன்னொரு கம்பெனி கேமையும் ஒப்பிடவே முடியாது. ஒருவர் வால்வு லேசாக அசைந்த இடத்திலிருந்து எண்ணுவார். இன்னொருவர் 1 மி.மீ.லிருந்து. அமெரிக்கக் கம்பெனிகள் 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ.லிருந்தும் ஒரு எண் தருவார்கள். பெட்டியில் 272 இருக்கும் கேம், அந்த அளவில் 230க்குப் பக்கத்தில் நிற்கலாம். எந்த உயரத்தில் அளந்தது என்று சொல்லாத எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை. நான் அந்த மதிப்பில்லாத எண்ணுக்குத்தான் பணம் கொடுத்திருந்தேன்.

மதியம் சாப்பாடு முடிந்து வந்ததும் மேஸ்திரி தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் கேட்டார்: "சரி, நல்ல 272ன்னே வெச்சுக்குவோம். உனக்கு எதுக்கு அது?" மேல் ஆர்பிஎம்மில் பவர் வரும் என்றேன். டர்போ மாற்றினாயா? இல்லை. புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பிரஷர் பார்த்தாயா? நல்லவேளை, பார்த்திருந்தேன். 6500 ஆர்பிஎம்மில் டர்போ உள்ளே தள்ளுவது 1.4 பார், எக்ஸாஸ்ட் பக்கம் சேர்ந்து நிற்பது 2.3 பார். அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "ரெண்டு கதவும் ஒரே நேரத்துல தொறந்திருந்தா, யார் யாரைத் தள்ளுவான்?"

விஷயம் அதுதான். எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வு திறக்க ஆரம்பிக்கும். இரண்டும் திறந்திருக்கும் அந்த இடைவெளி ஓவர்லாப். டர்போ இல்லாத இன்ஜினில் மேல் ஆர்பிஎம்மில் இது நல்லது, வெளியே போகும் புகை புதுக் காற்றை இழுத்துக்கொண்டே போகும். டர்போவைச் சுற்றுவதே வெளியே போகும் புகைதான், சின்ன டர்போ மாட்டிய இன்ஜினில் அந்தப் புகைக்கு வழி அடைப்பு. அழுத்தம் எங்கே அதிகமோ அங்கிருந்துதான் குறைவான இடத்துக்கு ஓடும். எரிந்த புகை இன்டேக்குக்குத் திரும்பும், அடுத்த ஸ்ட்ரோக்கின் காற்று சூடாகும், அழுக்காகும், நாக்கிங் (எரிபொருள் நேரம் தப்பித் தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது) வரும். இரண்டு பக்கமும் 272, இன்டேக் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் உச்சிக்கும் நடுவே உள்ள லோப் இடைக்கோணம் 112 என்றால் ஓவர்லாப் 272இல் அதன் இருமடங்கு 224 போக 48 டிகிரி. 264உம் 114உம் என்றால் 36. பன்னிரண்டு டிகிரி சின்ன எண்ணாகத்தான் தெரிகிறது, தரையில் படம் போட்டுப் பார்க்கும்வரை.

அப்படியானால் டர்போ வண்டிக்குப் பெரிய கேமே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. பெரிய டர்போ, நல்ல மேனிஃபோல்ட் போட்டு இரண்டு பக்கத்து அழுத்தமும் ஏறக்குறைய சமமாகிவிட்டால், இதே 272 அங்கே பாதகமில்லாமல் வேலை செய்யும். எவோ வைத்திருக்கும் பலர் கம்பெனி டர்போவிலேயே 272 போட்டு ஓட்டுகிறார்கள் என்றும் சொன்னேன். "ஓடும். கீழ என்ன போச்சுன்னு அவன் சொல்ல மாட்டான்" என்றார். டியூரேஷன், அதாவது வால்வு திறந்திருக்கும் அளவு, கூடினால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். குறைந்த ஆர்பிஎம்மில் உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளும், டர்போ எழும்பவும் நேரமாகும். வாரத்துக்கு ஐந்து நாள் டிராஃபிக்கில் நகரும் எனக்கு அது நஷ்டம். தொப்பூர் கணவாயில் லோடு லாரியை ஏற்றுகிறவனிடம் மேல் ஆர்பிஎம் பவரைப் பற்றிப் பேசிப் பார் என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

கேமைச் சுற்றும் கியரை அட்ஜஸ்ட் செய்து சமாளிக்கலாமே என்று கடைசியாக ஒரு கேள்வி போட்டேன். இன்டேக் கேமைப் பின்னுக்குத் தள்ளினால் ஓவர்லாப் குறையும், ஆனால் மூடுவது இன்னும் தாமதமாகும். ஒரு பக்கம் எடுத்ததை மறு பக்கம் கொடுக்க வேண்டும். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

நான்கு ஷாஃப்டுக்கும் கூலி 1,500 ரூபாய். டீ அவர் கணக்கு.

அடுத்த நாள் ஓசூர். சூளகிரி தாண்டியதும் டிராஃபிக் தொடங்கிவிட்டது, ஐம்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். அங்கே ஒரு சோதனைக் கூடத்தில் கடினத்தன்மை பார்த்தேன். அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் இருக்கும் ஊர் என்பதால் இதற்கெல்லாம் வரிசையாகக் கடைகள் உண்டு. ராக்வெல் சி அளவில், வைர முனையை 150 கிலோ சுமையில் அழுத்துவார்கள். ஒரிஜினல் 50க்கு மேல். வாங்கியதில் ஒரு லோப் 41. தேய்த்த கை கடினமான தோலையே தாண்டிப் போய்விட்டது. வைரம் அழுத்திய இடத்தில் கடுகளவு குழி விழும். அந்தக் குழியைக் காட்டித்தான் விற்றவர் பின்னால், "நீங்களே சேதப்படுத்திவிட்டீர்கள், பணம் திரும்பக் கிடையாது" என்று எழுதினார். சோதனைக் கட்டணத்தைவிட அந்தப் பதில்தான் எனக்கு வலித்தது.

இந்தப் பயணத்தில் சொதப்பிய சேவை ஒன்று உண்டு. வால்வு ஸ்பிரிங். லிஃப்ட் கூடினால் ஸ்பிரிங்கும் மாற வேண்டும், டர்போவில் இன்னும் கட்டாயம். 34 மி.மீ. வாயுள்ள இன்டேக் வால்வின் பின்புறத்தில் 1.4 பார் அழுத்தம் என்றால் சுமார் 13 கிலோ, வால்வைத் திறக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்கின் பிடியில் அவ்வளவு கழிந்துவிடும். பெங்களூருவில் ஒரு கடை, பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்டு, மூன்று நாளில் கிருஷ்ணகிரிக்கு வரும் என்றது. பத்து நாள் "நாளைக்கு சார்". பன்னிரண்டாம் நாள் பார்சல் வந்தது, உள்ளே வேறொரு வண்டியின் ஸ்பிரிங். பணம் சித்தப்பா போன் போட்டுக் கத்திய பிறகுதான் வந்தது.

சித்தப்பா மகன் புதிதாக ஒரு ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வாங்கியிருக்கிறான். அண்ணா, எனக்கும் ஒரு ஜோடி சொல்லுங்க என்றான். சில புது இன்ஜின்களில் கேமை ஹெட் கவரோடு கோர்த்தே அனுப்புகிறார்கள், தனியாகக் கழற்றவே முடியாது. வாரன்டி போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. டயரை நல்லதாக மாற்றிக்கொள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. இரவு பரோட்டா வாங்கிக் கொடுத்ததில் கொஞ்சம் தெளிந்தான்.

வாங்கிய ஜோடியைப் பட்டறைப் பையன்கள் பழகட்டும் என்று மேஸ்திரியிடமே விட்டுவிட்டேன். திரும்பும்போது பெட்டியில் இரண்டு ஷாஃப்ட், மிச்ச எடைக்கு சித்தியின் மாங்காய்த் தொக்கு.

மெல்பர்ன் வந்து, அளவு அட்டையோடு வரும் 264 ஜோடி ஒன்றை வாங்கினேன். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் மேல் வைத்து, கையால் சுற்றிப் பார்த்தேன். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ.க்குக் குறையாமல் இடைவெளி வேண்டும், இருந்தது. கராஜ் சுவரில் புது அட்டையையும் அந்தக் காலண்டர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, போட்டோ எடுத்து மேஸ்திரிக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். இரவு பதில் வந்தது.

"ஸ்பிரிங் வந்துச்சா?"