படத்தைப் பிடிப்பதா, பெயரைப் பிடிப்பதா: போலித் தளத்துக்கு எதிரான மூன்று வழிகள்

கொழும்பு செட்டியார் தெருவில் மூன்று தலைமுறையாக நடக்கும் நகைக்கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பெயருக்கு நடுவே ஒரு சிறுகோட்டைச் சேர்த்து யாரோ டொட் கொம் முகவரி பதிந்திருக்கிறார். கடையின் அட்டியல் படங்களும், பச்சை வெல்வெட் தட்டில் தொங்கும் விலைச்சீட்டின் நூல்கூட மாறாமல், அதில் ஏறியிருக்கின்றன. முதலாளி சட்டத்தரணியிடம் கேட்பது அந்தத் தளத்தை மூடித் தரும்படிதான். ஆனால் படங்கள், தளங்களின் கோப்புகளை வைத்துத் தரும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் கணினியில் கிடக்கின்றன, பெயரோ இணைய முகவரிகளைப் பதிந்து தரும் பதிவாளர் ஒருவரின் ஏட்டில் இருக்கிறது.

படத்தைப் பிடிக்க, ஹோஸ்டிங் நிறுவனம் அமெரிக்காவில் இருந்தால், 1998ஆம் ஆண்டின் டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் உதவும். படத்தை நீக்கும்படி அந்த நிறுவனத்துக்கு அறிவித்தல் அனுப்பக் கட்டணமில்லை. இலங்கையில் பதிப்புரிமையைப் பதிய வேண்டியதில்லை என்பதால், கமராவிலுள்ள மூலப்படமே நல்ல சான்றாகும். கூலிக்கு வந்த படப்பிடிப்பாளர் எடுத்த படமென்றால் மட்டும், உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்த்தரப்பு மறுப்பு அறிவித்தல் கொடுத்து, நாமும் வழக்குத் தொடராவிட்டால், 10 முதல் 14 வேலைநாட்களுக்குள் படம் மீண்டும் ஏறிவிடும். மறுக்காமல் வேறு ஹோஸ்டிங்குக்கு மாறிக்கொள்பவரையும் இது தடுப்பதில்லை, ஏனெனில் பெயர் அவரிடமே இருக்கிறது.

பெயரைப் பிடிப்பது, இணைய முகவரிகளை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த யூடிஆர்பி என்ற முகவரித் தகராறு விதி. எந்த நாட்டுச் சட்டத்தையும் நம்பியிராமல், பெயரைப் பதியும்போது ஒவ்வொருவரும் ஏற்கும் ஒப்பந்தத்திலிருந்தே இதற்கு அதிகாரம் வருவதால், பதிந்தவர் எந்த நாட்டில் ஒளிந்திருந்தாலும் இது செல்லுபடியாகும். உலகப் புலமைச் சொத்து நிறுவனத்திடம் ஒரு நடுவரைக் கொண்ட விசாரணைக்குக் கட்டணம் 1,500 டொலர். சட்டத்தரணிக்குக் கொடுப்பதைச் சேர்க்காமலே நான்கு இலட்சம் ரூபாவைத் தாண்டும். மறுமொழிக்கு 20 நாட்கள் உண்டு. தீர்ப்பு சுமார் இரண்டு மாதத்தில் வரும். பெயரை மாற்றித் தரலாம் அல்லது நீக்கலாம். நட்டஈடாக ஒரு சதமும் கிடையாது.

முறைப்பாட்டாளர் மூன்றையும் நிறுவ வேண்டும்: பெயர் தமது வியாபாரக் குறியுடன் குழப்பந்தரும் அளவுக்கு ஒத்திருப்பது, பதிந்தவருக்கு அதில் நியாயமான உரித்து இல்லாதது, தீய நோக்குடன் பதிந்ததோடு பயன்படுத்தியும் வருவது. நம்மவர்கள் இடறுவது முதலாவதில்தான். கடைக்கு லக்ஷ்மி, அம்பாள் என்று பெயர் வைத்துவிட்டு, குறியைப் பதியத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பக்கமே போகாதவர் எத்தனையோ பேர். பதியாத குறியையும் நடுவர்கள் ஏற்பதுண்டு. ஆனால் அம்மன் பெயரைக் கேட்டதும் வாடிக்கையாளருக்கு உங்கள் கடைதான் நினைவுக்கு வரும் என்று காட்டுவது இலகுவான காரியமல்ல. முகவரி இலங்கைக்குரிய டொட் எல்கே ஆக இருந்தால் யூடிஆர்பி தானாகப் பொருந்தாது. அந்தப் பதிவகத்தின் விதிகளைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி வழக்கு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தில் தடையுத்தரவும் நட்டஈடும் கேட்கலாம். எதிரி ஊரிலேயே இருந்து, அவரிடம் அறவிடச் சொத்தும் இருந்தால், இதைவிடச் சிறந்த வழி கிடையாது. முகம் தெரியாதவர் என்றால் கட்டளையை யாரிடம் சேர்ப்பிப்பது என்பதிலேயே வழக்கு நின்றுவிடும்.

தளம் போலியல்ல, கடையில் ஏமாந்த ஒருவர் எழுதும் குறைதான் என்றால் யூடிஆர்பியைத் தொடாமலிருப்பதே நல்லது. வணிக நோக்கில்லாத நியாயமான பயன்பாட்டை அந்த விதியே ஏற்கிறது. பெயரைப் பறிக்கவே முறைப்பாடு செய்ததாக நடுவர் கண்டால் அதையும் தீர்ப்பில் எழுதுவார். தீர்ப்பு இணையத்தில் முறைப்பாட்டாளரின் பெயரோடு கிடக்கும்.

செட்டியார் தெரு முதலாளியிடம் பதிந்த குறி இருந்தால் யூடிஆர்பியையே முதலில் தொடங்கச் சொல்வேன், முறைப்பாடு போனதும் பதிவாளர் பெயரைக் கைமாற முடியாதபடி பூட்டிவிடுவார் என்பதற்காக. டிஎம்சிஏ அறிவித்தல் அதன் பிறகு போகட்டும். முந்தினால் திருடன் உசாராகிப் படங்களை அழித்துவிடுவான்; விலைச்சீட்டு நூல் தெரியும் பக்கத்தைத் திகதியோடு சேமித்து வைக்காதவரிடம் தீய நோக்கைக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.